ஹாலில் வைக்கிற மாதிரி ஒன்று

சித்தூர்
12.1.2025

அன்புத் தங்கை லதாவுக்கு அண்ணன் ஹேமநாத் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி செல்வியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ரோஹிணியும் சுகமா?

கவரைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவன் திடீரென்று காகிதம் போட்டிருக்கிறானே, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். அதெல்லாம் இல்லை. காணிப்பாக்கத்தில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு பிள்ளையார் முன்னால் நின்று நான் என்ன சத்தியம் செய்தேன்? 'இனிமேல் என் தங்கையோடு வாய் திறந்து பேசமாட்டேன்.' கவனித்தாயா? வாய் திறந்து! எழுதமாட்டேன் என்று சொல்லவே இல்லை. போன வாரம் மாங்கூழ் யூனிட்டில் கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் இது எனக்குப் பளிச்சென்று உறைத்தது. இத்தனை வருஷம் மண்டையில் என்ன வைத்திருந்தேனோ.

அந்த ஜூன் மாசத்தைக் கிளற எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மாங்காய் சீசன். பாய்லர் நின்றுபோய், கூழ் பாதியில் நிற்கிறது. சூப்பர்வைசர் நான் எப்படி விட்டுவிட்டுக் கிளம்புவேன்? அடித்துப் பிடித்து பஸ் ஏறி, சீர்த்தட்டுகளோடு திருப்பதியில் வந்து இறங்கினால், ரோஹிணி கழுத்தில் மாலை ஏறிவிட்டிருக்கிறது. நம் பெரியப்பா மகன் திருவேங்கடம் மாமன் ஸ்தானத்தில் நின்று போட்டுவிட்டான். ராகு காலம் வந்துவிடும் என்றீர்கள். இருப்பதே ஒரு மருமகள். எனக்கும் பிள்ளை குட்டி கிடையாது. அவள் பெரியவளான சடங்கில், தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தன் மாலை போடுவதா? தட்டுகளோடு வந்த வழியே திரும்பினேன். நேராகக் காணிப்பாக்கம்தான் போனேன்.

சரி, போகட்டும். கொண்டுபோன சீரைத் திருப்பி எடுத்து வந்தது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரோஹிணி இன்டர் இரண்டாம் வருஷப் பரீட்சை முடித்ததும் அந்தச் சீரைச் செய்துவிட வேண்டும். புடவை, நகை எல்லாம் அவள் சீந்தமாட்டாள். நான் எப்போது போன் பண்ணினாலும், "மாமா, மேட்ச் போய்க்கினு இருக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். அதனால் கேம் ஆடுகிற மிஷின் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். எது வாங்கட்டும் என்று நீ எழுது.

இப்படிக்கு,
உன் அண்ணன் ஹேமநாத்


திருப்பதி
25.1.2025

பிரியமுள்ள அண்ணனுக்கு லதா அநேக நமஸ்காரம். நாங்கள் எல்லோரும் நலம். அண்ணிக்கு முட்டி வலி தேவலையா?

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். அப்புறம் சிரித்தேன். அப்புறம் மறுபடி அழுதேன். பிள்ளையாரையே ஏமாற்ற வழி கண்டுபிடித்தவன் நீ ஒருத்தன்தான். அது சரி, வாட்ஸப்பிலும்தான் வாய் திறக்க வேண்டாம். அதில் எழுதினால் என்னவாம்? ஸ்டாம்பு செலவாவது மிச்சம்.

தபாலை வாங்கினது ரோஹிணிதான். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, பொட்டி பொட்டியா இருக்குது?" என்றாள். அவளுக்குத் தெலுங்கும் இங்கிலீஷும்தான். தமிழைப் பேசுவாளே தவிர ஓர் எழுத்து தெரியாது. அவள் அப்பாவும் தெலுங்கு மீடியம். நாம் இரண்டு பேரும் என்ன எழுதிக்கொண்டாலும் இந்த வீட்டில் யாருக்கும் புரியப்போவதில்லை. அதுவும் ஒரு சௌகரியம்தான்.

திருவேங்கடம் விஷயத்தில் என் மேல் தப்பில்லை என்று சொல்லமாட்டேன். ஐயர் அவசரப்படுத்தினார், மாமியார் வீட்டு ஜனம் முணுமுணுத்தது, நான் பயந்துவிட்டேன். உனக்காகக் காத்திருந்து பார்த்திருக்க வேண்டும். நீ வாசல் வரை வந்து திரும்பிப்போனதை நான் சாகிற வரை மறக்கமாட்டேன்.

மிஷின் பற்றிக் கேட்டாய். டி.வி.யில் மாட்டி ஆடுகிற பெட்டி ஒன்று வருகிறதே, ப்ளேஸ்டேஷனோ என்னவோ. கன்சோல் என்கிறார்கள். அதை வாங்கு. ஹாலில் வைக்கிற மாதிரி ஒன்று.

எனக்குத்தான் தீபாவளியிலிருந்து வயிறு சரியில்லை. எதுவும் ஒத்துக்கொள்வதில்லை. கேஸ் என்கிறார்கள். நீ கவலைப்படாதே.

உன் தங்கை,
ஸ்வர்ணலதா


சித்தூர்
9.2.2025

அன்புள்ள லதாவுக்கு அண்ணன். இங்கே யாவரும் சௌக்கியம். உன் அண்ணி முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டு நடக்கிறாள். உன் வயிறு எப்படி இருக்கிறது? புளியைக் குறை.

வாட்ஸப் ஆகாது. நன்றாக யோசித்துவிட்டேன். அதற்கு 'சாட்' என்று பேர். சாட் என்றால் பேச்சு. நான் ஒன்று சொல்ல, உடனே நீ ஒன்று சொல்ல, அது வாய்ப் பேச்சு மாதிரியேதான் ஆகிவிடும். தபால் அப்படியில்லை. போய்ச் சேர நாலு நாள், வர நாலு நாள். சாமி அதைப் பேச்சுக் கணக்கில் எடுக்காது.

நம் கிஷோர் கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். இரண்டையும் எடுத்துக் காட்டினான். லதா, அந்தக் கன்சோல் இத்தனூண்டு இருக்கிறது. அதைத் தாம்பாளத்தில் வைத்தால் பக்கத்தில் பழம், தேங்காய், பூ எல்லாம் வைத்து இன்னும் இடம் மிச்சம் இருக்கும். ஆறு வருஷம் கழித்து மாமன் சீர் கொண்டுவருகிறான், இதைத்தானா தூக்கிக்கொண்டு வந்தான் என்று கேட்கமாட்டார்களா?

கேமிங் கம்ப்யூட்டரைப் பார்த்தால் நீ அசந்துபோவாய். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஃபேன் சுற்றுகிறது, நீலமும் சிவப்பும் பச்சையுமாக லைட் ஓடுகிறது. சின்ன சைஸ் ஜாத்திரைத் திருவிழா. தூக்க இரண்டு ஆள் வேண்டும். திருவேங்கடம் பார்க்கட்டும்.

கிஷோர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கன்சோலுனா வாங்கி சொருகினா ஆட வேண்டியதுதான் அண்ணா. அவ்ளோதான் அது. கம்ப்யூட்டருனா ராம் ஏத்தலாம், கார்டு மாத்தலாம். நாலு வருசம் கழிச்சிகூட புதுசாட்டம் வெச்சிக்கலாம்." எது மேல் என்று நீயே சொல்லு.

அண்ணன்,
ஹேமநாத்


திருப்பதி
4.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு லதா எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். உன் நலமும் அண்ணி நலமும் அறிய ஆவல்.

பதில் எழுத நாளாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வர இருந்தோம். சும்மா டெஸ்ட்தான். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள், ஒரு துளி எடுத்து அனுப்பினார்கள். இவருக்கு மலைக்கு வண்டி ஓட்டுகிற வேலை கெட்டதுதான் மிச்சம். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். இங்கே காற்று வருகிறது, பாத்ரூமும் பக்கம். டி.வி.க்கு நேர் எதிரே படுத்திருக்கிறேன், ராணி மாதிரி.

அண்ணா, நான் கன்சோல் கேட்பது அதனால்தான். ரோஹிணிக்குப் பதினேழு வயசு. ரூமுக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தப்பு சொல்லவில்லை, அந்த வயசு அப்படி. கம்ப்யூட்டர் என்றால் அது ரூமுக்குள்தான் போகும். பெட்டியை டி.வி.யில் மாட்டினால் அவள் ஹாலில் உட்கார்ந்து ஆடுவாள். நான் பார்த்துக்கொண்டே கிடப்பேன். தோற்றால் காலை உதைத்துக்கொள்வாள். ஜெயித்தால் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பாள், சின்னதிலிருந்தே அந்தப் பழக்கம். போனில் ஆடும்போதே அப்படித்தான். பார்க்க யாராவது இருக்க வேண்டும் இல்லையா?

அந்தப் பெட்டியோடு கையில் பிடிக்கிற ரிமோட் இரண்டு வாங்கலாமாம். ஒன்றை என் கையில் கொடுத்தால் நானும் எதையாவது அமுக்குவேன். "அம்மா, நீ செவுத்துல போய் முட்டிக்கினு நிக்கறே" என்று திட்டுவாள். திட்டட்டுமே.

தாம்பாளத்தில் இடம் மிச்சமிருந்தால் பூவை நிறைய வை.

லதா


சித்தூர்
16.3.2025

அன்புள்ள லதாவுக்கு. இங்கே சுகம். டெஸ்டில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய், பிள்ளையார் காப்பாற்றினார். சீரகத்தைக் கொதிக்க வைத்துக் குடி. நம் அம்மா அதைத்தான் குடிப்பாள்.

நீ ஒன்று சொல்கிறாய், கிஷோர் ஒன்று சொல்கிறான். எதற்கு வம்பு என்று பெண்ணிடமே போனில் கேட்டுவிட்டேன். "கம்ப்யூட்டர்தான் மாமா! நான் ஆடற கேமுக்கு மவுசு இல்லாம முடியாது. என் ஃபிரண்ட்ஸ் அல்லாருமே கம்ப்யூட்டர்லதான் இருக்காங்கோ. பி.டெக்.குக்கும் அதுதான் வேணும்" என்று குதித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கேட்டதே இல்லை. பிறகு கன்சோல் வாங்கிக்கொண்டு போய் நின்றால் முகத்தைச் சுருக்கிக்கொள்ளமாட்டாளா?

உனக்கு இன்னும் அந்தப் பழைய வீராப்பு போகவில்லை. அண்ணன் பெரிதாகச் செய்துவிடக்கூடாது, சின்னதாகவே செய்யட்டும் என்று பார்க்கிறாய். எனக்குத் தெரியாதா உன்னை? அதோடு, அவள் டி.வி.யைப் பிடித்துக்கொண்டால் நீ சீரியல் எப்படிப் பார்ப்பாய்? உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன். கம்ப்யூட்டர் ரூமில் இருக்கட்டும், டி.வி. உனக்கே இருக்கட்டும்.

நாலு வருஷத்துக்குப் பார்க்க வேண்டும் லதா. இன்ஜினியரிங் முடிக்கிற வரைக்கும் வருமா என்று பார்த்துத்தான் ஒரு பொருளை வாங்க வேண்டும்.

அண்ணன்


திருப்பதி
22.4.2025

அண்ணனுக்கு லதா. அனைவரும் நலம்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது. சாய்ந்துகொண்டு எழுதுகிறேன், அதனால்தான்.

ரிசல்ட் நீ பார்த்திருப்பாய். நல்ல மார்க். தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். கீழ்வீட்டு கங்கம்மா அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டது. ஏன் அழுதது என்று அவளுக்குப் புரியவில்லை.

நாலு வருஷம், நாலு வருஷம் என்று எழுதுகிறாய். உனக்குக் கோடி புண்ணியம், நான் கேட்பது இந்த வெயில் காலத்துக்கு. அதற்கு மேல் என்னை எதுவும் கேட்காதே. ரோஹிணியிடம் இதை நான் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்காக உடனே கம்ப்யூட்டர் வேண்டாம் என்பாள். அப்புறம் ஏன் அப்படிக் கேட்டேன் என்று யோசிக்க ஆரம்பிப்பாள். நீ வாங்கிவிட்டால் அது மாமன் வாங்கியது, அவ்வளவுதான். அதற்காகத்தான் உன்னைக் கேட்கிறேன். வீராப்பு எல்லாம் எப்போதோ போய்விட்டது அண்ணா.

கன்சோல் வாங்கு. அவள் முகம் சுருங்கினால் இரண்டு நாளில் சரியாகிவிடும். எனக்கு அவளைத் தெரியும்.

லதா


சித்தூர்
6.5.2025

அன்புத் தங்கைக்கு. சுகம், சுகமறிய ஆவல்.

உன் கடிதம் வந்தது. வருவதற்கு முந்தின நாளே கிஷோரிடம் சொல்லி கம்ப்யூட்டரை மாட்டிப் பூட்டச் சொல்லிவிட்டேன். கார்டு சென்னையிலிருந்து வந்துவிட்டது. இனி மாற்ற முடியாது. மாற்றுகிற எண்ணமும் இல்லை என்று வைத்துக்கொள். அந்தப் பெண் தினமும் போன் பண்ணி, "மாமா, எந்தக் கார்டு? மாமா, எத்தினி ராம்?" என்று கேட்கிறாள். முன்னெல்லாம் நான் கூப்பிட்டால் வைத்துவிடுவாள். இப்போது அவளாகவே கூப்பிடுகிறாள். இந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க என்னால் ஆகாது.

வெயில் காலத்துக்கு என்று எழுதியிருந்தாய். ஹாலில் அவ்வளவு புழுக்கமா? சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு ஏர் கூலரையும் சேர்த்து அனுப்புகிறேன். நல்லதாகவே பார்த்து வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிஷோர் டெம்போவில் கொண்டுவந்து மாட்டிக்கொடுப்பான். நான் வரமாட்டேன். யூனிட்டில் சீசனுக்கு மிஷின்களைக் கழுவி சரி பார்க்கிற வேலை. அதோடு, வந்தால் உன்னைப் பார்த்து வாய் சும்மா இருக்காது.

அண்ணன்


திருப்பதி
1.6.2025

அண்ணா, எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

கம்ப்யூட்டர் வந்து மூன்று வாரம் ஆயிற்று. நீ சொன்னது உண்மைதான், ஜாத்திரை மாதிரியே இருக்கிறது. தெருவே வந்து பார்த்தது. திருவேங்கடம் அண்ணன்கூட வந்து பார்த்துவிட்டு, "ஹேமநாத் சீருன்னா சீருதான்" என்று சொல்லிவிட்டுப் போனது. உனக்கு இது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ரோஹிணி என்னைக் கட்டிப்பிடித்து, நான் என்னமோ வாங்கித் தந்த மாதிரி முத்தம் கொடுத்தாள்.

ஹாலில் தூசி வரும், வெயில் படும் என்று கிஷோர் சொன்னான். ரூமில்தான் வைத்திருக்கிறார்கள். கதவு சாத்தியிருந்தாலும் இடுக்கு வழியாக நீலமும் சிவப்புமாக லைட் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். உள்ளே சிரிக்கிறாள், யார் யாரிடமோ பேசுகிறாள். காதில் பெரிதாக ஒன்றை மாட்டிக்கொள்கிறாள், அதனால் கூப்பிட்டால் கேட்பதில்லை. கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். ஆடட்டும். அவள் சிரிக்கிற சத்தம் வந்தால் போதும். ஏர் கூலர் போட்டால் அந்தச் சத்தம் கேட்பதில்லை என்று அதை அணைத்து வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. அன்றைக்கு நீ வந்திருந்தாய். தெருமுனைப் புங்கமரத்தடியில், டெம்போவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாய். என் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகத் தெருமுனை தெரியும். தலையில் அவ்வளவு முடி கொட்டிவிட்டதா உனக்கு? சொட்டையாகவே ஆகிவிட்டாயே! ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்திருக்கலாம். வாயைத் திறக்காமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கலாம். நான் பேசியிருப்பேன். கேட்கக்கூடாது என்று நீ சத்தியம் பண்ணவில்லையே.

ஒரு தடவை வா. சீக்கிரம் வா.

லதா


சித்தூர்
29.6.2025

என் தங்கை லதாவுக்கு அண்ணன் எழுதுவது. இங்கே சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை சரியாக எழுது. நீ எழுதியது மனசைப் பிசைகிறது.

ஆமாம், வந்தேன். வாசல் வரை வந்து திரும்பிப் போனதை மறக்கமாட்டேன் என்று நீ எழுதியிருந்தாயே, அது காலைப் பிடித்துக்கொண்டது. மறுபடி வாசலுக்கு வந்து ஊமை மாதிரி நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

உடனே பதில் எழுதவில்லை. சீசன். கேட்டிலிருந்து ஹைவே வரை டிராக்டர் நிற்கிறது. விவசாயிகள் வண்டிக்கடியிலேயே தூங்குகிறார்கள். மாங்காய் அழுகினால் என் சட்டையைப் பிடிப்பார்கள். இன்னும் கொஞ்ச நாள்தான். சீசன் முடிந்ததும் முதல் வேலையாகக் காணிப்பாக்கம் போய், பிள்ளையாரிடம் கன்னத்தில் தப்பு போட்டுக்கொண்டு, சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு நேராகத் திருப்பதி வருகிறேன். வந்து வாய் நிறையப் பேசுகிறேன். சாமியிடம் சொல்லாமல் மீறினால் அது நம் வீட்டைத்தான் பிடிக்கும். எனக்கு வந்தால் பரவாயில்லை, உனக்கோ குழந்தைக்கோ ஏதாவது வந்துவிட்டால்? அந்தப் பயம்தான் எனக்கு.

அதுவரை பொறுத்துக்கொள். என்ன என்ன பேச வேண்டும் என்று யோசித்து வை. ஏர் கூலரைப் போட்டுக்கொள்.

உன் அண்ணன்,
ஹேமநாத்


திருப்பதி
10.8.2025

மாமாவுக்கு ரோஹிணி.

எனக்குத் தமிழ் எழுத வராது. கம்ப்யூட்டர் மைக்ல பேசறேன், அதுவே தமிழ்ல எழுதிக்கினு போவுது. ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து அனுப்பறேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. சௌக்கியமான்னு கேட்டுட்டு ஆரம்பிக்கணும்னு தெரியும். செல்வி அத்தை எப்படி இருக்காங்க? நீங்க எப்படி இருக்கீங்க?

காரியத்தன்னிக்கு அத்தை, அம்மா எழுதின லெட்டரையெல்லாம் என் கையில குடுத்துட்டுப் போனாங்க. நீங்க எழுதினது அம்மா தலகாணி உறைக்குள்ள இருந்துச்சு. போன் கேமராவைக் காட்டினா படிக்குது. ஒண்ணு விடாம கேட்டேன். அம்மாவோட நாலு லெட்டரையும் நானேதான் போஸ்ட் ஆபீஸ்ல போட்டேன் மாமா. அம்மா ஊர்க்கதை எழுதறாங்கன்னு நெனச்சிக்கினு போட்டேன்.

அம்மா ஹால்ல வைக்கிற மாதிரி ஒண்ணு கேட்டிருக்காங்க. கன்சோலா கம்ப்யூட்டரான்னு நீங்க ரெண்டு பேரும் மூணு நாலு மாசமா மல்லு கட்டியிருக்கீங்க. கம்ப்யூட்டரையும் ஹால்ல வைக்கலாம் மாமா. ஒரு டேபிளும் ஒரு ஒயரும்தான் வேணும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே இழுத்தாந்து அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல போட்டிருப்பேன். தூசி வந்தா தொடச்சிக்கினு இருந்திருப்பேன். உங்களுக்கும் தோணல, அம்மாவுக்கும் தோணல. எனக்கு விசயமே தெரியாது. நான் கதவைச் சாத்திக்கினு உள்ள சிரிச்சிக்கினு இருந்தேன்.

ஒடம்பு விசயத்தை ஏன் முன்னாடியே சொல்லலைன்னு காரியத்தன்னிக்கு என்னை உலுக்கி உலுக்கிக் கேட்டீங்க. அம்மா தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கினாங்க. "சாவப்போறேன்னு சொன்னா ஓடியாந்துடுவாண்டீ. அதுக்காக வரக்கூடாது. தங்கச்சியப் பாக்கணும்னு வரணும்"னு சொன்னாங்க. சும்மா பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன், எவ்ளோ சீரியஸுன்னு எனக்கு அப்ப தெரியாது. நைனாவுக்குத்தான் தெரியும். அவர்கிட்டயும் வாங்கிக்கினாங்க. நம்ம வூட்ல எல்லாத்துக்கும் ஒரு சத்தியம்.

உங்க கடைசி லெட்டர் வந்தப்போ அம்மாவால கண்ணாடி போட்டுக்கூட படிக்க முடியல. நான்தான் போன்ல காட்டினேன். அது பொம்பள கொரல்ல படிச்சுது. அம்மா சிரிச்சிட்டாங்க. "எங்கண்ணன் கொரலு இப்பிடி சன்னமா இருக்காதுடீ, பாய்லர் விசிலாட்டம் இருக்கும்"னாங்க. அதைக் கேட்டுட்டுதான் உங்களுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கர்ல வெச்சேன். நீங்க "ஹலோ, இன்னாமா"ன்னீங்க. அம்மா கண்ணைத் தொறந்து பாத்தாங்க. "மாமா, அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. ஒடம்பு முடியல. நீங்க பேசினா கேப்பாங்க, ஏதாவது பேசுங்க"ன்னேன். நீங்க ஒண்ணுமே பேசல. மூச்சு வாங்கறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் கட் ஆயிடுச்சு.

நான் திரும்பப் போட்டேன். எடுக்கல. அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி வெச்சிட்டாங்க. "வுடு, பயந்துக்கினான். சாமி என்னை ஏதாவது பண்ணிடும்னு பயம் அவனுக்கு"ன்னாங்க. உங்க மேல அவங்களுக்குக் கோவமே இல்ல. "ஒரு ஹலோவாவது கேட்டுட்டேன்ல"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாங்க. அன்னிக்கு ஃபுல்லா நான் ரூமுக்கே போகல. அதுக்கப்புறம் அம்மா இருந்த வரைக்கும் போகவே இல்ல. ஆனா ரெண்டு நாள்லயே அம்மாவுக்கு யாரையும் சரியா அடையாளம் தெரியாம போச்சு.

ஐஸ் பெட்டி பக்கத்துல உக்காந்து நீங்க பேசினதை எல்லாரும் பாத்தோம். லதா லதான்னு கூப்பிட்டீங்க. நாராயணவனம் தேர்ல அம்மா கொழந்தையா காணாம போனது, நீங்க தேடிக் கண்டுபிடிச்சு தோள்ல தூக்கியாந்தது, கண்ணாலத்துல அழுதது, எல்லாம் சொன்னீங்க. ஏந்திரு, ஒரு வார்த்தை பேசுன்னு அம்மாவைக் கேட்டீங்க. எடுக்குற வரைக்கும் வாயை மூடவே இல்ல. காணிப்பாக்கத்துக்கு யாரும் போகல, சத்தியத்தை யாரும் திருப்பி வாங்கல. சாமி உங்களை ஒண்ணும் பண்ணல, எங்களையும் ஒண்ணும் பண்ணல. போன்ல பேசியிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்காது மாமா.

எனக்கு இங்கயே பி.டெக். சீட் கெடைச்சிடுச்சு. நைனா மறுபடி வண்டிக்குப் போறாரு. சோறு நானே ஆக்கிடறேன், துன்னுட்டுப் போறாரு. கீழ்வூட்டு கங்கம்மா பெரிம்மா கொழம்பு குடுக்கறாங்க.

நீங்க தெனமும் போன் பண்ணிக்கினே இருக்கீங்க. நான் எடுக்கலன்னு அத்தைகிட்ட அழுவுறீங்களாம். அழாதீங்க. உங்களைப் புடிக்கலன்னு இல்ல. உங்க கொரல் கேட்டா அந்த ஹலோ ஞாபகம் வருது, எனக்கு வாய் வரமாட்டேங்குது. சத்தியமெல்லாம் ஒண்ணும் பண்ணல மாமா, பண்ணவும் மாட்டேன். வாய் வர்ற அன்னிக்கி நானே கூப்பிடறேன்.

உங்க மருமக,
ரோஹிணி